இட்லி மாவுக்குப் பக்கத்தில் மோமோ

என் அக்கா ஹேமலதாவுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. நாற்பத்தெட்டு வயது ஆகிறது, இன்னும் வரவில்லை. யார் எதைக் கேட்டாலும் அவள் வாயில் வருவது ஒரே சொல்தான்: "அதுக்கென்ன."

பட்டு நெய்யும் ஆரணியில் பாவு பிணைக்கிறவர்களில் நல்ல கை என்று பெயர் எடுத்தவள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு ஒன்று நெய்து முடிந்ததும், அதன் இழை நுனிகளோடு அடுத்த பாவின் இழை நுனிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். நாலாயிரம், ஐயாயிரம் இழை இருக்கும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு. அவ்வளவுதான், ஒட்டிக்கொள்ளும். அவள் முறுக்கிய இழை அறுந்தது என்று இதுவரை எந்த வீட்டிலும் பேச்சு வந்ததில்லை. அதனாலேயே எல்லோருக்கும் அவள்தான் வேண்டும். காய்ச்சலில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவளிடம் வந்து, "நாளைக்கே தறி ஓட்டணும்மா" என்பார்கள். "அதுக்கென்ன" என்று எழுந்து போவாள். என் கல்யாணத்தன்று காலையில்கூடக் கொசப்பாளையத்தில் ஒரு பாவை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தாள். நகக்கண்ணில் சாம்பலோடு எனக்கு ஆரத்தி எடுத்தாள். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றிருந்ததால் திட்டாமல் விட்டேன்.

நான் அப்படியில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு யார் வந்து கெஞ்சினாலும் 'முடியாது'தான். கம்ப்யூட்டருக்காகப் போட்ட ஏசியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று வருகிறவர்களிடமும் 'முடியாது'தான். "ஹேமநாத்துக்கு வாய் நீளம்" என்று ஊரில் பேச்சு. இருக்கட்டும். வாய் நீளமாக இருப்பவனுக்கு முதுகு வலி வராது.

அக்காவின் மகள் தீபா சென்னையில் படித்து முடித்து வந்தபோது ஒரு கண்ணாடித் தொட்டியையும் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு சாண் நீளத்தில், தோலுரித்த பனங்கிழங்கு நிறத்தில் ஒரு ஜந்து. நாலு கால், ஒரு வால், தலைக்கு இரண்டு பக்கமும் சிவப்புக் குஞ்சம் மாதிரி மும்மூன்று செவுள். எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருக்கும் வாய். பெயர் ஆக்சலாட்டில் என்றாள். அவள் வைத்த பெயர் மோமோ. அக்கா வீட்டுக்காரர் சிவகுமார் தறியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பல்லியப் போயி தண்ணியில வெச்சி வளக்கறியேடி" என்றார். அத்தோடு சரி, அவர் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

பங்குனியில் தீபாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அங்கே லேடீஸ் ஹாஸ்டலில் பூனைக்கே இடமில்லை, இதற்கு எங்கே? "ஒண்ணர மாசந்தாம்மா. நான் வீடு பாத்துட்டு வந்து எடுத்துகினு போயிடறேன். வெச்சுக்கிறியா?"

அக்கா என்ன சொல்லியிருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் இருபது டிகிரியைத் தாண்டக்கூடாது. ஆரணியில், பங்குனி சித்திரையில்! ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒன்று தொட்டியில் மிதக்கவிட வேண்டும். குழாய்த் தண்ணீரை ஒருநாள் முழுக்கக் கேனில் வைத்திருந்துதான் ஊற்ற வேண்டும். தீனி மண்புழு. அதைப் படவேட்டில் வாழைத்தோப்பு வைத்திருக்கும் முருகேசன் மண்ணோடு டப்பாவில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். அந்த டப்பாவை பஸ் ஸ்டாண்டில் வாங்கி வைக்கிற உத்தியோகம் எனக்கு. என்னை யாரும் கேட்கவில்லை. "தம்பி கடை பக்கத்துல தான இருக்குது" என்று அக்காவே முருகேசனிடம் சொல்லிவிட்டாள்.

ஒரு மாதம் ஓடியது. பிறகு ஒருநாள் காலையில் போன்.

"டேய், மோமோ நாலு நாளா வெளிக்குப் போவலடா."

கடையில் ஆறு பேர் நிற்கிறார்கள். ஒருவர் கையில் பத்திரம், ஒருவர் கையில் ரேஷன் கார்டு. நான் சத்தமாக, "எத்தனை நாளா வெளிக்குப் போவல?" என்று கேட்டுத் தொலைத்தேன். ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ரேஷன் கார்டு வைத்திருந்தவர் மட்டும் பரிவோடு, "விளக்கெண்ணெய் குடுங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். வயிறு ஒரு பக்கம் புடைத்திருந்தது. அடியில் நடந்துகொண்டிருக்க வேண்டியது, பின்பக்கம் தூக்கிக்கொண்டு மேலே மிதந்தது. வால் நுனி சுருண்டிருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. எனக்கு அதுதான் எரிச்சலாக வந்தது. வலிக்கிறதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒரு பிராணியை எந்த மனிதன் வளர்ப்பான்?

இணையத்தில் தேடினேன். சின்னக் கல்லை விழுங்கியிருக்கும் என்று போட்டிருந்தது. தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பியிருந்தாள் தீபா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லையெல்லாம் ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்தேன். இரண்டு நாள் போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. புழு பெரிதாக இருந்திருக்கும் என்று முருகேசனோடு போனில் சண்டை போட்டேன். அவர், "எங்க தோப்புப் புழுவ இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்லீங்க" என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். தண்ணீர்தான் சரியில்லையோ என்று கேன் தண்ணீரை மாற்றினேன். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு சொம்பு, வாளி எடுத்துக் கொடுத்தாள். "இதுவா இருக்குமோ, அதுவா இருக்குமோ" என்று நான் புலம்பும்போதெல்லாம் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதற்கு நடுவில் சாயங்காலம் ஏழு மணிக்கு தீபா வீடியோ காலில் வருவாள். "மோமோவக் காட்டும்மா." அக்கா போனை என்னிடம் கொடுத்து, தலைப்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி பிடிக்கச் சொல்வாள். மிதக்கிற பின்பக்கம் தெரியக்கூடாது.

"சாப்பிடுதாம்மா?"

"அதுக்கென்ன, நல்லா சாப்டுது."

நான் கேமராவுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். போன் வைத்ததும், "உண்மையச் சொல்லேன் அவகிட்ட" என்றால், "புது வேல. பேஜாராயிடுவா. இருவதாம் தேதி அவளே எடுத்துகினு போவ வரப் போறா, அதுக்குள்ள சரியாப் போயிடும்" என்பாள். இருபதாம் தேதிக்குப் பத்து நாள் இருந்தது.

எட்டாம் நாள் மோமோ செவுளை முன்னால் மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. அக்கா அன்றைக்குப் பாவு பிணைக்கப் போகவில்லை. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலுக்குப் போகாமல் இருந்தவளில்லை, பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்புவரை போனவள். அதைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். கடையைப் பூட்டினேன்.

வேலூரில் ஒரு கால்நடை மருத்துவர் இப்படிப்பட்டதையும் பார்ப்பார் என்று விசாரித்து வைத்திருந்தேன். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் மோமோ, டப்பா தெர்மாகோல் பெட்டிக்குள், பெட்டி அக்காவின் மடியில், அக்கா என் பைக்கின் பின்னால். கண்ணமங்கலத்தில் டீக்கடையில் நிறுத்தி ஐஸை மாற்றினோம். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா மீனுங்க இது? கொழம்புக்கு ஆவுமா?" என்றார். அக்கா பெட்டியைப் படாரென்று மூடினாள்.

மருத்துவர் சின்ன வயசு. வெளியே நாலு நாய், ஒரு கன்றுக்குட்டி காத்திருக்க, எங்கள் டப்பாவைத் திறந்து பொறுமையாகப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். "கல் எதுவும் இல்லை. காத்து கட்டியிருக்கு. உள்ளே ஏதோ அடைச்சிருக்கு, ஆனா எக்ஸ்ரேல தெரியற பொருள் இல்லை. என்ன தீனி குடுத்தீங்க?"

"மண்புழுதாங்க" என்றாள் அக்கா.

"வேற எதுவும்? பஞ்சு, பிளாஸ்டிக், செடி இலை?"

"இல்லீங்க. புழு மட்டுந்தான்."

அவர் சொன்ன வைத்தியத்தைக் கேட்டு நான் மறுபடி சொல்லச் சொன்னேன். தீனியை நிறுத்திவிட்டு, மூடி போட்ட டப்பாவில் தண்ணீரோடு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். குளிரில் உடம்பு ஓய்ந்து, வயிறு தானாகக் காலி பண்ணப் பார்க்குமாம். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். மாற்றுகிற தண்ணீரும் அதே குளிரில் இருக்க வேண்டும். "ஒரு வாரம் பார்ப்போம். இல்லேன்னா சர்ஜரிக்கு சென்னைதான். ஆனா இந்த சைஸுக்கு மயக்க மருந்து குடுத்தா எழுந்திருக்குமான்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் அக்கா பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படியாகத்தான் மோமோ ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், இட்லி மாவுக்கும் தக்காளிக்கும் நடுவில் குடியேறியது. சிவகுமார் மாவு எடுக்கப் போய்த் தவறான டப்பாவைத் திறந்துவிட்டு, அன்றிலிருந்து இட்லியே வேண்டாம் என்றார். மாதாந்திர மின்தடையும் அந்த வாரம்தான் வந்து தொலைத்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை கரண்ட் இல்லை. ஐஸ் கம்பெனிக்குப் போய் ஒரு பார் ஐஸை சாக்கில் சுற்றி பைக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் கால்வாசி என் பேன்ட்டில் இறங்கிவிட்டது. ஒரு பல்லிக்காக, ஊர் பார்க்க, நனைந்த பேன்ட்டோடு.

ஃபிரிட்ஜில் வைத்த ஐந்தாம் நாள். தேதி பதினேழு. தண்ணீர் மாற்றுவதற்காக டப்பாவைத் திறந்தேன். மோமோவின் வாலுக்குக் கீழே மயிரிழை மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மயிர் இல்லை. அரக்குச் சிவப்பு. ஆரணியில் பிறந்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டு நூல்.

"அக்கா, இங்க வா."

வந்தாள். பார்த்தாள்.

"இது எப்படி உள்ள போச்சு?"

"நாந்தான்டா" என்றாள்.

விஷயம் இதுதான். அக்காவுக்குப் புழுவைக் கண்டால் குமட்டும். தீபா கிடுக்கியால் பிடித்து ஊட்டுவாள். அக்காவால் அதுவும் முடியவில்லை, நெளிகிற நெளி கைக்குத் தெரிகிறதாம். அதனால் பாவு பிணைக்கிற வீடுகளில் மிச்சமாகிற துண்டு நூலைக் கொண்டுவந்து, நுனியில் ஒரு சுருக்கு போட்டு, டப்பாவில் நெளிகிற புழுவைத் தொடாமலேயே சுருக்கில் மாட்டி, அப்படியே தொட்டியில் தொங்கவிட்டு ஆட்டுவாள். மோமோவுக்குக் கண் பார்வை மட்டு. ஆடினால்தான் தெரியும். லபக்கென்று உள்ளே இழுக்கும். முதலில் சில நாள் சுருக்கு நழுவி நூல் கையோடு வந்திருக்கிறது. பிறகு வரவில்லை. வராத அன்று வாய்க்கு வெளியே இருக்கிற நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கிவிட்டிருக்கிறாள்.

"எத்தனை நாள்?"

"ஒரு இருவது நாள் இருக்கும்."

"டாக்டர் கேட்டாரே! வேற எதுவும் குடுத்தீங்களான்னு கேட்டாரே! புழு மட்டுந்தான்னு சொன்னியே!"

"பட்டு புழு வாயிலேர்ந்து வர்றதுதானடா? இது புழுவத் திங்கறது. புழுவே செரிக்கும்போது புழுவோட எச்சி செரிக்காதான்னு நெனச்சேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் எண்ணத்தில் நூலும் புழுவோடு சேர்த்திதான். அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. "சோப்புத் தண்ணியில போட்டுக் கொதிக்கக் கொதிக்க வேக வெச்சாலும் பசைதான் போவுது, நூலு போவுதா? சாயத்துல முக்கி எடுக்கறாங்களே, கரைஞ்சா போவுது? இந்த ஊர்ல பொறந்து, பட்டு நூல முறுக்கியே வயித்தக் கழுவறவ, அதோட வயித்துல கரையும்னு நெனச்சியா? நான் கல்லு பொறுக்கினப்போ நின்னு சொம்பு எடுத்துக் குடுத்தியே, அப்ப சொல்லியிருக்கலாம் இல்ல? முருகேசன்கிட்ட சண்ட போட்டேனே!" நான் கத்திய கத்தலில் தறி நின்றது. சிவகுமார் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளேயே போய்விட்டார்.

கத்திக்கொண்டே கிடுக்கியை எடுத்து நூலின் நுனியைப் பிடிக்கப் போனேன். பளாரென்று என் கையில் ஒரு அடி.

"இழுக்காத! உள்ள சிக்கு விழுந்திருக்கும். ஒரு இழைய இழுத்தா மொத்தமும் இறுகும்."

அதுவரை குற்றவாளியாக நின்றவள் குரல் மாறிவிட்டது. மருத்துவருக்குப் போன் போட்டு அவளே பேசினாள். "நூலு கட்டிக் குடுத்தேங்க. பட்டு நூலு. அன்னிக்கி சொல்லாம விட்டது என் தப்புங்க." அவரும் அதையேதான் சொன்னார்: இழுத்தால் குடல் கிழிந்துவிடும், தானாக வருகிறது வரட்டும், வெளியே நீண்டதை மட்டும் நறுக்குங்கள்.

மூன்று நாள் அவள் வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. "அவசரம்" என்று வந்தவர்களிடம் சிவகுமார்தான் ஏதோ சொல்லி அனுப்பினார். காலையிலும் மாலையிலும் டப்பாவைத் திறப்பாள். சாம்பல் போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, குளிர்ந்த தண்ணீரில் விரலை வைத்து மரத்துப்போகவிட்டு, பிறகுதான் தொடுவாள். சூட்டுக் கை பட்டால் அதற்குச் சுடுமாம். அரை விரல்கடை நூல் வந்திருந்தால் நறுக்குவாள். வராவிட்டால் மூடிவிடுவாள். ஐயாயிரம் இழையை உட்கார்ந்து சேர்க்கிறவளுக்குப் பொறுமையைப் பற்றி நான் என்ன சொல்வது? ஆனால் பத்தொன்பதாம் தேதி மாலை எதுவுமே வரவில்லை. மோமோவின் செவுள் வெளுத்திருந்தது. "செத்துடுமாடா?" என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியவில்லை, பயமாக இருந்தது.

இருபதாம் தேதி காலை தீபா வந்து இறங்கினாள். பையைக்கூடக் கீழே வைக்காமல், "மோமோ எங்க?" என்றாள். தொட்டி காலியாக இருந்தது. அக்கா ஃபிரிட்ஜைத் திறந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். மூடியை எடுத்தாள்.

தண்ணீர் கலங்கியிருந்தது. அடியில் கரும்பச்சையாகக் கழிவு, அதன் நடுவில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு நூல் பந்து. மோமோ மிதக்கவில்லை. நாலு காலையும் ஊன்றி அடியில் நின்றுகொண்டிருந்தது. வழக்கம்போலச் சிரித்தது. முதல் தடவையாக எனக்கு அந்தச் சிரிப்பின்மேல் கோபம் வரவில்லை.

அக்கா அந்தப் பந்தைக் கரண்டியால் எடுத்து ஒரு தட்டில் வைத்தாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ என்று எல்லாம் பின்னிக் கிடந்தது. "இது பலராமன் வீட்டுப் பாவு" என்று அரக்கைக் காட்டினாள். "மஞ்சள் தனக்கோடி வீடு. பச்சை நம்ம ஊரு சைதாப்பேட்டையில அந்த மாடி வீடு." எந்த நாள் எந்த வீட்டில் உட்கார்ந்தாள் என்பது அத்தனையும் மோமோவின் வயிற்றில் இருந்திருக்கிறது. சுருக்குகள்கூட அவிழவில்லை. அவள் போட்டதாயிற்றே!

பிறகு மகளிடம் ஒன்று விடாமல் சொன்னாள். நூல் கட்டியது, கேமராவில் பாதியை மறைத்தது, மருத்துவரிடம் சொல்லாதது எல்லாம். தீபாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

"புழுவ பாத்தா குமட்டும்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வேற ஏற்பாடு பண்ணியிருப்பேன்ல? தொட்டிக்குக் கீழ அட்டைப்பெட்டியில பாரு, மாத்திரை மாதிரி காஞ்ச தீனி ஒரு பாக்கெட் முழுசா இருக்குது. புழு இல்லாத நாளுக்குன்னு வாங்கி வெச்சது. ஏம்மா கேக்கல?"

அந்த அட்டைப்பெட்டியை நான் கல் பொறுக்கியபோது இரண்டு தடவை தூக்கி அந்தப் பக்கம் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

காபி குடித்து முடித்ததும் தீபா டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தாள். இந்த உருட்டல் நல்லதற்கில்லை.

"அம்மா, ஒண்ணு. பாத்து வெச்சிருந்த வீட்டுக்காரரு இதெல்லாம் வேணாம்னுட்டாரு. வேற வீடு பாத்துகினு இருக்கேன். இன்னும் ரெண்டே மாசம். வெச்சுக்கிறியாம்மா?"

நான் அக்காவைப் பார்த்தேன். சிவகுமார் தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வரப்போகிற சொல் எது என்று இருவருக்கும் தெரியும். நான் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

அக்கா தட்டில் இருந்த நூல் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் அதைத் தொட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"என்னால முடியாதுடி" என்றாள்.

சத்தமில்லாமல்தான் சொன்னாள். சொன்ன பிறகு அவளே கொஞ்சம் அரண்டுபோனாள், வேறு யாரோ பேசிவிட்ட மாதிரி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தப்பா நெனச்சிக்காத. அது பக்கத்துல நான் உக்காந்துக்கறேன், தண்ணி மாத்தறேன். ஆனா என் பொறுப்புல விட்டுட்டுப் போவாத. புழு எனக்கு ஆவாது. இந்த வெயிலு எனக்கு ஆவாது. என்னால முடியல." நாற்பத்தெட்டு வருஷமாக அவள் சொல்லாமல் விட்டதெல்லாம் அதற்குள் இருந்தது. இந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை வருஷம் இவளோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்!

தீபா தலையைக் குனிந்துகொண்டாள். டப்பாவில் மோமோ மெதுவாக ஒரு காலைத் தூக்கி வைத்தது.

பிறகு தீபா மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, உங்க கடையில ஏசி இருக்குதில்ல?"

பாதி இறக்கிய ஷட்டர், நனைந்த பேன்ட், பொறுக்கிய கல், பஸ் ஸ்டாண்டில் வாங்கிய புழு டப்பா எல்லாம் கண்முன் வந்தது. வாயைத் திறந்தேன்.

"அதுக்கென்ன" என்றேன்.